வீரையாற்றின் நீளம்

வரைபடத்தில் அது முழுக்கோடுகூட இல்லை.
விட்டுவிட்டுப் போட்ட நீலக் கீறல்;
மாரிக்கு மட்டும் ஓடும் என்று பொருள்.
ஒட்டுசுட்டான் கந்தோரில் படிவம் தந்தார்கள்.
பெயர், பிறப்பிடம், நீளம், விழுமிடம்.
ஆளுக்கு அடையாள அட்டை நிரப்புவதுபோல.

பிறப்பிடத்திலேயே பேனை நின்றது.
ஆவணி வெயிலில் மூன்று இடத்தில் ஈரம் கண்டோம்.
ஒன்று, பாறை வெடிப்பில் கரடி நக்கிவிட்டுப் போன கசிவு.
ஒன்று, பாலை வேருக்கடியில்
தும்பிகளுக்கு மட்டும் தெரிந்த நனைவு.
மற்றது மரை மிதித்த சேறு.
குளம்புக் குழிக்குள் நின்ற தண்ணீரில்
வானம் ஒரு ரூபாய்க் குற்றி அளவு.
எதைப் போடுவது?
‘மூண்டையும் போடுங்கோ மிஸ், காசா பணமா’
என்றான் உழவு இயந்திரம் ஓட்டிவந்த பத்மசீலன்.
பெட்டி ஒன்றுதான் இருந்தது.

பிறகு வெறும் மணல்.
மருதங்கொப்பில், என் தலைக்கு மேல் இரண்டு முழத்தில்,
காய்ந்த புல்லும் ஒரு பச்சைச் சவர்க்காரப் பெட்டியும்.
போன மார்கழி அந்த உயரத்தில் போயிருக்கிறது.
நாங்கள் நடந்தது அதன் அடியில்.
பத்மசீலன் ஒருக்கால் மூச்சை அடக்கிப் பார்த்தான்.

மடு வந்தது. கெளிறுகள்
ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி
ஒரு வாளித் தண்ணீரைப் பங்குபோட்டன.
கரையில் யானை இலத்தி, இன்னும் சூடு.
திரும்பிவிடலாம் என்று இருவருக்கும் பட்டது,
இருவரும் சொல்லவில்லை.

அதற்குக் கீழே ஒரு பழைய குளக்கட்டு.
பெயர் சொல்ல ஊரில்லை. கட்டு முழுக்க வீரை மரம்.
நடுவில் முறிப்பு; அதற்குள்ளால் ஆறு,
கதவில்லாத வீட்டுக்குள் மாடு நுழைவதுபோல,
நுழைந்து மறுபக்கம் போகிறது.

போன இடத்தில் மண்டையோட்டுப் பலகை.
மஞ்சள் நாடா. சிவப்புத் தலைக் குச்சிகள்.
ஒரு வளைவு முழுவதும்
நாங்கள் கால்வைக்க முடியாத ஆறு.
முகக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள் கோமளேஸ்வரி,
கழுத்தில் உப்புப் பூத்திருந்தது.
வெள்ளத்துக்கு மணல் எவ்வளவு தூரம் நகரும் என்று கேட்டாள்.
ஒருமுறை துடைத்த கரையை
மாரி வந்து திருப்பி அழுக்காக்குகிறதாம்.
தெரியாது என்றேன். ஆற்றைப் படித்தவள் நான்.
இந்த வளைவு எவ்வளவு நீளம் வரும் என்று
நானும் கேட்டேன்.
‘ரெண்டு வருசம்’ என்றாள்.
‘மழை கூடினால் மூண்டு.’

சுற்றி வந்து மாங்குள றோட்டில் ஏறினோம்.
மூன்று குழாய்ப் போக்குக்கு மேல்
பஸ் போகிறது; யன்னல்காரருக்கு
ஆறு மூன்று செக்கன்.

கீழே அதற்குப் பெயரும் மாறிவிடுகிறது.
வயற்காரர் வாய்க்கால் என்கிறார்கள்,
அப்பால் வலைகாரர் உப்பாறு.
வீரையாறா, அது எங்கே இருக்கு என்று
அதன் கரையில் நின்றே ஒருவர் கேட்டார்.
தில்லை, கண்டல், நண்டுப் பொந்து,
பிறகு தொடுவாய். அடைபட்டிருந்தது.
மணல் திட்டுக்கு அந்தப்பக்கம் கடல் இரைகிறது;
இந்தப்பக்கம் ஆறு
பாசி பிடித்துப் பேசாமல் கிடக்கிறது.
விழுமிடம் என்ற பெட்டியில்
‘விழவில்லை’ என்று எழுதி, அழித்தேன்.

நீளம்: படத்தில் இருபத்திரண்டு கிலோமீற்றர்.
காலில் முப்பத்தொன்று,
அதோடு இரண்டு வருசம்.
முப்பத்தொன்றைப் பென்சிலால் எழுதினேன்.

ஐப்பசி முடிய ஒரு காலை கோமளேஸ்வரி அழைத்தாள்.
‘ஆறு இறங்கிட்டுது மிஸ்.
எங்கட குச்சியெல்லாம் உங்களிட்டத்தான் வருது.’
குடையை மறந்து போக்கடிக்கு ஓடினேன்.
மேலே இருந்து கோப்பி நிறத்தில் வந்தது,
சருகு, நுரை, ஒரு தேன்கூட்டுத் துண்டு,
அதன் பிறகு குச்சிகள்.
அபாயத்தின் சிவப்பும் துடைத்து முடித்த வெள்ளையும்
கலந்து, முட்டி, குழாய்க்குள் போய்
மறுபக்கம் வந்தன.
பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
மருதிலிருந்து போக்கு வரைக்கும்
முப்பது மீற்றர்,
சிவப்பு ஒன்றுக்குப் பத்தொன்பது செக்கன்,
வெள்ளைக்கும் அதேதான்.